ஒரே ஆளால் தூக்க முடியுமா

எங்கள் ஊரில் கோடையில் கடற்கரை நாற்காலிகளைச் சோதிக்க வருகிற அதே மனிதர்தான் இலையுதிர் காலத்தில் வயதானவர்களைச் சோதிக்க வருவார். நகராட்சியில் இதற்கென்று வேறு ஆள் இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே படிவம் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

முதியோருக்குத் தனிப் படிவம் அச்சடிக்கப் போவதாகச் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. என் நாத்தனார் அந்த அலுவலகத்தில்தான் தட்டச்சு செய்கிறாள். அவளிடம் கேட்டால், "நாற்காலிப் படிவம் இன்னும் நாலு பெட்டி கிடக்கு அண்ணி, அது தீர்ந்ததும் புதுசு அடிப்பாங்க" என்பாள். வருஷத்துக்கு அரைப் பெட்டிதான் தீர்கிறது. மீதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் புதுப் படிவத்தில் முதலில் சோதிக்கப்படப்போவது நானாகத்தான் இருக்கும்.

படிவத்தில் இருப்பது இவ்வளவுதான். மடங்குகிறதா? துணி வெளுத்திருக்கிறதா? காற்றில் நிற்கிறதா? துருப்பிடித்த பாகங்கள் உண்டா? ஒரே ஆளால் தூக்கி நகர்த்த முடியுமா? கீழே முடிவு எழுத மூன்று கட்டங்கள்: 'வெளியே விடலாம்', 'கிட்டங்கிக்கு அனுப்பவும்', இரண்டுக்கும் நடுவில் சின்னதாக 'பழுதுபார்ப்பில் உள்ளது'. நடுவில் இருக்கும் கட்டத்தை இதுவரை யாரும் சட்டை செய்ததில்லை. உடைந்த நாற்காலியைப் பழுதுபார்க்க எங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்?

கிட்டங்கி என்பது துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய கூடம். குளிர்காலத்தில் அதன் ஒரு பாதியில் நாற்காலிகளை அடுக்கிவைப்பார்கள், மறுபாதியில் கட்டில் போட்டு வயதானவர்களைப் படுக்கவைப்பார்கள். கணப்பு உண்டு, சூடாக சூப் உண்டு, செவிலியர்கள் உண்டு. குறை சொல்ல முடியாது. ஆனால் ஜன்னல்கள் எல்லாம் கூரையை ஒட்டி இருக்கின்றன. படுத்திருப்பவர்களுக்கு மேகம் மட்டும் தெரியும், கடலைச் சத்தத்தால்தான் அறிய வேண்டும். வசந்தத்தில் நாற்காலிகளை வெளியே எடுக்கும்போது அவர்களையும் எடுப்பார்கள்.

போன வருஷம் கடற்கரைத் தெருப் பாட்டு டீச்சரை அப்படித்தான் கொண்டுபோனார்கள். 'துணி வெளுத்திருக்கிறதா' என்ற கேள்விக்குச் சோதனைக்காரர் அந்த அம்மாவின் தலையைப் பார்த்துவிட்டு 'முழுவதும்' என்று எழுதினார். வசந்தத்தில் திரும்பி வந்தவர் பியானோவைத் திறக்கவே இல்லை. அதன் மூடிமேல் தினமும் துணிகளை மடித்துவைத்தார். இந்த வருஷம் முதல் ஆளாக மறுபடி கொண்டுபோய்விட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கிறது.

நான் அந்தத் தெருவில் ஐந்து வீடுகளுக்குப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பிடவைத்து, வீட்டைத் துடைத்துவிட்டு வருகிறவள். மூன்றாவது வீடு பல் டாக்டருடையது. ஒன்பது மணியிலிருந்து நண்பகல் வரைக்கும் அங்கேதான் இருப்பேன். டாக்டருக்கு எண்பத்தொரு வயது, எண்பத்து மூன்று கிலோ. கால்கள் இரண்டும் ஒத்துழைப்பதில்லை. வலது கை சதா நடுங்கிக்கொண்டிருக்கும். பல் பிடுங்குவதை விட்டுப் பதினான்கு வருஷம் ஆகிறது. ஆனால் பல் பிடுங்கும் நாற்காலி முன்னறையில் அப்படியே இருக்கிறது, கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே.

டாக்டர் அந்த நாற்காலியில்தான் இருப்பார். தூங்குவதும் அதில்தான். அதற்குக் காரணம் நான். அவர் எடையில் பாதிகூட இல்லாத நான் எண்பத்து மூன்று கிலோவை எப்படித் தூக்குவது? நாற்காலியின் பெடலை மிதித்தால் அவர் மேலே வருவார், கைப்பிடியைத் தள்ளினால் சாய்வார், இன்னொரு மிதி மிதித்தால் கால் நீளும். காலையில் வெந்நீரில் துண்டை நனைத்து உடம்பைத் துடைப்பது, கால்சட்டை மாட்டுவது, முதுகில் புண் வராமல் புரட்டுவது எல்லாம் அந்தப் பெடலின் புண்ணியத்தால் நான் ஒருத்தியே செய்துவிடுவேன்.

மீதி நேரம் அவர் ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களின் வாயைப் பார்ப்பார். "தபால்காரனுக்கு மேல்வரிசை போச்சு." "அந்தம்மா சிரிக்கறப்போ கையால மறைக்குது பாரு, முன்பல் ஆடுது." கடலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் ஒரு நாள் நான் திரைச்சீலையைத் துவைக்கக் கழற்றிவிட்டு, மாற்றுத் துணி கட்டி ஜன்னலை மறைத்தேன். அன்றைக்கு நான் கிளம்புகிறவரை என்னிடம் பேசவில்லை.

நண்பகலுக்குத் தொலைதூர நகரத்திலிருந்து மகள் போன் பண்ணுவாள். அவளுக்கும் ஐம்பது ஆகிறது, ஆனால் டாக்டருக்கு அவள் பாப்பாதான்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ம்."

"மருந்து?"

"ம்."

மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். அவள் வைத்த பிறகும் அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்க மாட்டார். ஒரு நாள் அவரே சொன்னார்: "சின்ன வயசுல ஏதாவது படம் வரைஞ்சு எடுத்துட்டு வந்து அந்தக் கதவுகிட்ட நிப்பா. 'நோயாளி இருக்காங்க பாப்பா, அப்புறம்'னு சொல்லிடுவேன். அந்த அப்புறத்துக்கு இப்பத்தான் நேரம் கிடைச்சிருக்கு. பேசத்தான் ஒண்ணும் இல்ல."

எனக்கு வாய் நீளம்தான், ஆனால் எல்லா இடத்திலும் அதை நீட்ட முடியாது.

கோடை விருந்தாளிகள் போய், ஐஸ்கிரீம் கடைக்குப் பலகை அடித்து, மஞ்சள் இலையும் மணலும் சேர்ந்து வாசற்படியில் படிய ஆரம்பித்த வாரத்தில் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சோதனை.

"நான் போக மாட்டேம்மா" என்றார் டாக்டர். "அந்த இடத்துல எனக்கு ஒரு வாய்கூடத் தெரியாது. மேகத்தைப் பாத்துட்டுப் படுத்திருந்தா நான் வசந்தம் வரைக்கும் தாங்க மாட்டேன்."

"போகவேண்டாம் டாக்டர். அஞ்சு கேள்வி. பாஸ் பண்ணிடலாம்."

வாரம் முழுக்கப் பயிற்சி நடந்தது. மடங்குவதற்கு இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வார், நான் எண்ணுவேன். காற்றில் நிற்பதற்கு ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து விநாடி நிற்பார், நான் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பேன். வெளுத்த துணிக்குத்தான் வழி தெரியவில்லை. தலைக்குச் சாயம் பூசலாம் என்றேன். "மீசைக்கே பூசினதில்ல நான்" என்று மறுத்துவிட்டார். கடைசியில் மகளுடைய பழைய நீச்சல் தொப்பி ஒன்று அலமாரியில் கிடைத்தது. நீல ரப்பர், கொஞ்சமும் வெளுக்கவில்லை. அதை இழுத்து மாட்டியதும் டாக்டரின் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறி, எப்போதும் ஆச்சரியப்படுகிற முகமாகிவிட்டது.

கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. ஒரே ஆளால் தூக்க முடியாது என்று எழுதிவிட்டால் மற்ற நான்கிலும் தேறி ஒரு பிரயோஜனமும் இல்லை, நேராகக் கிட்டங்கிதான். இலையுதிர் காலத்தில் உப்புக்காற்று எங்கள் தெருவில் தாழ்ப்பாளை விடாது, கீலை விடாது. பெடலும் முனக ஆரம்பித்திருந்தது. தையல் மெஷின் எண்ணெயைக் காலையில் ஒரு தரம், போகும்போது ஒரு தரம் ஊற்றினேன். திங்கட்கிழமை வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி இறங்கியது.

சோதனைக்காரர் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். ஒல்லியான ஆள், மழைக்கோட்டு, கையில் அட்டையில் செருகிய படிவம். மோசமான மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். படிவம் சொன்னால் தன் கையையே வெட்டிக்கொள்வார், அவ்வளவு நேர்மை. அன்றைக்கு இடது கன்னம் வீங்கி, தாடையிலிருந்து உச்சந்தலைக்குக் கம்பளிச் சால்வையைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். ஒருபக்கம் நீலத் தொப்பி, ஒருபக்கம் சால்வை முடிச்சு, நடுவில் நான் சிரிக்கவும் முடியாமல் நின்றேன்.

டாக்டரின் மணிக்கட்டில் ஒரு அட்டைச் சீட்டைக் கட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டு.

"மடங்குங்க ஐயா."

டாக்டர் குனிந்தார், நிமிர்ந்தார். 'மடங்கும், சத்தத்துடன்' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்தது துணி. தொப்பியை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்து விட்டார், அது பட்டென்று நெற்றியில் அடித்தது. 'நல்ல நிறம்.' பிறகு ஜன்னலைத் திறந்தார். பெருங்காற்று உள்ளே பாய்ந்து மேசையிலிருந்த மாத்திரைச் சீட்டையெல்லாம் வாரிக்கொண்டு போனது. டாக்டர் சட்டத்தைப் பிடித்தபடி ஐந்து விநாடிக்கு ஆறு விநாடி நின்றார். துருவுக்கு முழங்காலில் காதை வைத்துக் கேட்டுவிட்டு 'இரண்டு மூட்டு, பொறுத்துக்கொள்ளலாம்' என்று எழுதினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"சரி, தூக்கிக் காட்டுங்க" என்றார் என்னிடம்.

டாக்டரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பெடலை மிதித்தேன். டக் என்றது, நின்றுவிட்டது. மறுபடி மிதித்தேன். அசையவில்லை. அந்தத் திறந்த ஜன்னல், அந்தக் காற்று, அந்த மணல்! இரண்டு காலாலும் ஏறி நின்று குதித்தேன். கல் மாதிரி இருந்தது. வேறு வழியில்லாமல் அவர் அக்குளில் கையைக் கொடுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். நாலு விரற்கடை மேலே வந்தார். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து நாற்காலியில் விழுந்தோம்.

சோதனைக்காரர் உண்மையிலேயே வருத்தப்பட்டுத் தலையை ஆட்டினார். "படிவம்மா, நான் என்ன செய்ய?" என்று சொல்லிக்கொண்டே பேனாவைக் கிட்டங்கிக் கட்டத்துக்குக் கொண்டுபோனார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். பேனா தாளைத் தொடப் போகிற சமயத்தில் சோதனைக்காரருக்குச் சுரீரென்று ஒரு வலி கிளம்ப, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உறைந்து நின்றார்.

டாக்டர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"கீழ்வரிசை. இடது பக்கம், கடைவாய். எத்தனை நாளா?"

"ஒம்பது நாளா ஐயா."

"ஆடுதா?"

"ஆடுது."

"உக்காரு."

"ஐயா, நான் உங்களைச் சோதிக்கத்தான்…"

"வாயைத் தொறந்துட்டுப் பேசு. உக்காருன்னு சொன்னேன்."

நாற்பது வருஷம் ஊரையே உட்காரவைத்த குரல் அது. சோதனைக்காரர் படிவத்தைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் நாற்காலியில் டாக்டர் அல்லவா இருக்கிறார்? நானும் சோதனைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைச் சக்கரம் வைத்த முக்காலிக்கு மாற்றினோம். சோதனைக்காரர் நாற்காலியில் ஏறிப் படுத்தார். நான் ஆத்திரம் தீரப் பெடலை ஒரு உதை விட்டேன். பாழாய்ப்போனது, இப்போது வெண்ணெய் மாதிரி இறங்கி, அந்த ஒல்லி மனிதரைக் கூரைவரை தூக்கியது.

இடுக்கியைச் சூப்புப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தேன். மரத்துப்போகிற மருந்து பதினான்கு வருஷப் பழசு என்பதால் அதைத் தொடவில்லை. டாக்டர் இடுக்கியைக் கையில் வாங்கியதும் அது கிடுகிடுவென்று ஆடிற்று. நாற்காலியில் கிடந்தவர் பேந்தப் பேந்த விழித்தார்.

"ஐயா, கை நடுங்குதே!"

"நடுங்கட்டும். பல்லை இழுக்கக் கூடாதுப்பா, ஆட்டணும். சின்ன வயசுல ஆட்டி ஆட்டிக் கை விட்டுப்போகும் எனக்கு. இப்ப அது பாட்டுக்கு ஆட்டிட்டு இருக்கு, நான் சும்மா பிடிச்சிட்டிருந்தாப் போதும்."

பிடித்துக்கொண்டிருந்தார். கை ஆடியது, இடுக்கி ஆடியது, பல் ஆடியது, சோதனைக்காரரின் சால்வை முடிச்சும் ஆடியது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. டாக்டர் பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அழகா வந்திருக்கு" என்றார். அதைப் பார்த்துச் சோதனைக்காரர் மயங்கிவிட்டார்.

பஞ்சை வைத்து அடைத்த பிறகு டாக்டர் பழக்கதோஷத்தில் நோயாளிச் சீட்டைத் தேடினார். எந்தக் காலத்துச் சீட்டு? கையில் அகப்பட்டது சோதனைக்காரரின் அட்டைதான். தன் மணிக்கட்டில் கிடந்த இருநூற்றுப் பன்னிரண்டைக் கழற்றி, மயங்கிக் கிடந்தவர் மணிக்கட்டில் கட்டினார். நோயாளிக்கு நம்பர் இல்லாமல் அவரால் எழுத முடியாது. பிறகு படிவத்தைப் படித்துப் பார்த்தார். 'ஒரே ஆளால் தூக்க முடியுமா' என்ற இடத்தில் கோணல்மாணலான எழுத்தில், 'முடியும், இப்போதுதான் தூக்கினாள்' என்று எழுதினார். கீழே கட்டங்களைப் பார்த்து யோசித்தார்.

"புண் ஆற ஒரு வாரம் ஆகும், இல்லியாம்மா?"

"ஆகும்."

'பழுதுபார்ப்பில் உள்ளது' என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்தும் போட்டார். அவர் ஏமாற்றினார் என்று யாராவது சொன்னால் நான் சும்மா விட மாட்டேன். அவர் மனதில் அந்த நேரத்தில் சோதனையும் இல்லை, கிட்டங்கியும் இல்லை. ஒரு பல் இருந்தது.

சோதனைக்காரர் கண் விழித்து, மணிக்கட்டைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் படித்தார்.

"இருநூத்திப் பன்னண்டு நானா?" என்றார் பஞ்சு வாயோடு.

"கையில கட்டியிருக்கே" என்றேன்.

"அப்ப சரியாத்தான் எழுதியிருக்கு." தன் கையெழுத்தையும் போட்டார். வாசலில் நின்று, "இருநூத்திப் பன்னண்டு தினமும் பழுதுபார்க்கிற இடத்துல ஆஜராகணும்னு விதி. நாளைக்குப் பத்து மணிக்கு வரேன்" என்றார்.

என் நாத்தனார் மறுநாளே டாக்டர் வீட்டு வாசலுக்கு ஓடி வந்தாள். "என்ன அண்ணி பண்ணி வச்சிருக்கீங்க? ஆபீசே அல்லோலகல்லோலப்படுது. அந்தக் கட்டத்துல இதுவரைக்கும் யாரும் குறி போட்டதே இல்லையாம். விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தாங்க. பழுதுபார்க்கிற இடத்தைக் குளிர்காலம் முழுக்கத் திறந்து வைக்கணுமாம். பழுதுபார்க்கிறவரைக் கிட்டங்கிக்கு அனுப்பக் கூடாதாம். அவருக்கு உதவிக்கு ஒரு ஆளும் இருக்கணுமாம்."

"அந்த ஆள்?"

"நீங்கதான் அண்ணி, வேற யாரு?"

நான் உள்ளே போய் டாக்டரிடம் சொன்னேன். அதுவரை கழற்ற விடாத நீலத் தொப்பியை அவர் கழற்றச் சொன்னார். கழற்றிய பிறகும் புருவம் மேலேயே இருந்தது.

வேடிக்கை அதோடு முடியவில்லை. பழுதுபார்க்கும் இடம் என்று ஒன்று ஏற்பட்டுவிட்டால் பழுதானவற்றை அங்கே அனுப்பத்தானே வேண்டும்? அடுத்த திங்கட்கிழமை நகராட்சி வண்டி வாசலில் வந்து நின்றது. நாற்காலி ஏற்றுகிற வண்டி. டிரைவர் இறங்கி, கிட்டங்கியில் பதினொரு பேருக்குப் பல்வலி என்றார். முதல் நாளில் இப்படித் திடீரென்று பதினொரு பேருக்கும் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. பின்பக்கக் கதவைத் திறந்து அவர் இறக்கிவிட்ட முதல் ஆள் பாட்டு டீச்சர்.

நானும், காயத்தைக் காட்ட வந்திருந்த சோதனைக்காரரும் டாக்டரை முக்காலிக்கு மாற்றிவிட்டு டீச்சரை நாற்காலியில் உட்காரவைத்தோம். பெடல் மக்கர் பண்ணவில்லை. டீச்சர் ஏறினார், ஏறும்போதே ஜன்னல் தெரிந்தது, கடல் தெரிந்தது. அன்றைக்கு அலை சாம்பல் நிறத்தில் பெரிது பெரிதாக வந்துகொண்டிருந்தது.

"அதைப் பாத்துட்டே வாயைத் தொறங்க" என்றார் டாக்டர்.

சின்னக் கண்ணாடியை வைத்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். கால் மணி நேரம் ஆயிற்று. அரை மணி நேரமும் ஆயிற்று. நானும் எட்டிப் பார்த்தேன், வரிசை முத்து மாதிரி இருந்தது. அவர் காதருகே குனிந்து, "டாக்டர், இவங்களுக்கு ஒண்ணும் இல்லையே" என்றேன்.

"அதனாலதாம்மா நேரம் ஆகுது."

டீச்சரின் விரல்கள் நாற்காலியின் கைப்பிடிமேல் மெல்ல ஓடிக்கொண்டிருந்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தேன், அது சுத்தமாகத்தான் இருந்தது.

நண்பகலுக்குப் போன் அடித்தது. ரிசீவரை எடுத்து டாக்டரின் காதில் வைத்தேன்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"நோயாளி இருக்காங்க பாப்பா, அப்புறம்."

சொல்லிவிட்டு அவர் கண்ணாடியோடு குனிந்துவிட்டார். நான் ரிசீவரை என் காதுக்கு மாற்றினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எத்தனையோ வருஷம் கழித்து மறுபடி அந்தக் கதவை அவள் மூஞ்சியில் சாத்திவிட்டாரே இந்த மனுஷர் என்று அவர்மேல் கோபம்கூட வந்தது.

"அக்கா" என்றாள் அவள். "அப்பா இப்ப என்ன சொன்னாரு?"

"நோயாளி இருக்காங்களாம்மா. பாட்டு டீச்சர் வந்திருக்காங்க. நான் அப்புறம் பேசச் சொல்றேன், வச்சிடவா?"

"வேண்டாம்க்கா. வைக்காதீங்க. நான் நிக்கறேன்."

ரிசீவரை ஜன்னல் விளிம்பில் மல்லாத்திவைத்தேன். டாக்டர் அவசரப்படவில்லை. பல் எல்லாவற்றையும் பார்த்து முடித்து, டீச்சரிடம், "நாளைக்கும் வாங்க, இன்னும் பாக்கவேண்டியது இருக்கு" என்று சொல்லி, துண்டில் கை துடைத்துக்கொண்டார். நாற்காலியின் கைப்பிடியைக் கையால் உந்தி முக்காலியோடு ஜன்னல் பக்கம் வந்தார். நடுங்குகிற கையால் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

"ம், முடிஞ்சுது பாப்பா. சொல்லு, என்ன வரைஞ்சே?"